பெயர்வெளியும் அகராதியும்

முன்னுரை

தமிழ் பயிலும் மாணவர்க்குப் பைத்தன் மொழியால் ஆவது என்னை என்று வினவுவார் நம் கல்லூரியிலும் உளர். அவர்க்கு யாம் கூறும் விடை இது: ஒரு நூலிலுள்ள சொற்களையெல்லாம் தொகுத்து, ஒவ்வொரு சொல்லும் எப்பாட்டில் எவ்வடியில் வருகின்றது என்று காட்டும் சொல்லடைவு ஒன்றை முன்னாளில் அறிஞர் ஆயிரக்கணக்கான சீட்டுகளில் எழுதி அடுக்கி, நெடுநாள் உழைத்து முடிப்பர். அப்பணியை இன்று நாற்பது ஐம்பது வரியுள்ள நிரல் ஒன்று சில நொடியில் முடித்துத் தருகின்றது. ஆயினும் இதில் ஓர் இடர் உண்டு. சீட்டு எழுதுவோர் கை தவறினால் ஒரு சொல் விடுபடும். நிரலில் ஒரு பெயரைப் பிழைபட எழுதினாலோ, பலநூறு சொற்கள் ஓசையின்றி மறைந்துபோகும். அங்ஙனம் மறைந்த சொற்களைத் தேடிச் சென்றபோது யாம் கற்ற பாடமே இக்கட்டுரையின் பொருளாகும்.

நிரலை இயக்குவோர் அதற்கு இடும் ஏவற் செய்திகளை நிரலின் உள்ளே எவ்விடத்தில் வைத்து ஆளுதல் வேண்டும்? பைத்தன் மொழியில் இதற்கு இரண்டு இடங்கள் உள. ஒன்று ‘நேம்ஸ்பேஸ்’ எனப்படும் பெயர்வெளி. மற்றொன்று ‘டிக்ஷனரி’ எனப்படும் அகராதி. இவற்றுள் எது சிறந்தது என்னும் வினா நிரலெழுதுவோரிடையே அடிக்கடி எழுவது. எது சிறந்தது என்பதினும், எது எவ்விடத்திற்கு உரியது என்று ஆராய்தலே பயனுடையது என்பது எமது கருத்து. அதனை எம் பட்டறிவின் வழிநின்று ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

1. செயலுருபுகள்

பைத்தன், நெதர்லாந்து நாட்டவராகிய குய்டோ வான் ராசம் என்பவரால் 1989-ஆம் ஆண்டின் இறுதியில் ஆம்ஸ்டர்டாம் நகரில் தொடங்கப்பெற்று, 1991-இல் வெளியிடப்பெற்ற மொழி. இம்மொழியில் எழுதிய நிரலைக் கட்டளை வரியில் இயக்குங்கால், நிரலின் பெயரை அடுத்து நாம் தட்டச்சிடும் சொற்களெல்லாம் அந்நிரலைச் சென்று சேர்கின்றன. இவற்றை ‘ஆர்கியுமெண்ட்’ என்பர். தமிழில் ‘செயலுருபு’ என்று வழங்குவர். வேற்றுமை உருபு பெயரோடு சேர்ந்து அதன் பொருளை வேறுபடுத்துவதுபோல, இதுவும் நிரலோடு சேர்ந்து அதன் செயலை வேறுபடுத்துதலின், இப்பெயர் மிகப் பொருத்தமுடையதே.

குறுந்தொகைக்குச் சொல்லடைவு காண யாம் எழுதிய நிரலுக்கு மூன்று செயலுருபுகள் இருந்தன. ‘--கோப்பு’ என்பது படிக்க வேண்டிய நூல் எக்கோப்பில் உளது என்று அறிவிப்பது. ‘--தொகை’ என்பது அடைவின் தலைப்பில் அச்சிடவேண்டிய நூற்பெயரை அறிவிப்பது. ‘--குறைந்த-அளவு’ என்பது ஒரு சொல் குறைந்தது எத்தனை முறை வந்தால் அதனை அடைவில் சேர்க்க வேண்டும் என்று அறிவிப்பது. இம்மூன்றும் பின்னர்ப் பலகாலும் வருதலின், படிப்போர் இவற்றை நினைவில் இருத்துக.

செயலுருபுகள் நிரலை முதலில் அடைவது வெறும் சொல்வரிசையாகவே. முதலாவது சொல் நிரலின் பெயர். இரண்டாவது இது, மூன்றாவது அது என்று எண்ணிக்கொண்டு நிற்றல் வேண்டும். எண்ணாகக் கொடுத்ததும் ஆங்கே எழுத்துச் சரமாகவே இருக்கும். இவ்வரிசையைப் பகுத்தறிந்து பொருள்கொள்ளும் தொல்லையை நீக்கப் பைத்தன் நூலகத்தில் வெவ்வேறு காலத்தில் மூன்று கருவிகள் சேர்ந்தன. பழையது ‘கெட்ஆப்ட்’. அடுத்தது 2003-இல் சேர்ந்த ‘ஆப்ட்பார்ஸ்’. மூன்றாவது ஸ்டீவன் பெத்தார்டு என்பவர் இயற்றியதும், 2010-இல் வந்த 2.7 பதிப்பிலும் 2011-இல் வந்த 3.2 பதிப்பிலும் இடம்பெற்றதுமாகிய ‘ஆர்க்பார்ஸ்’. இன்று நூலகத்தோடு வரும் கருவிகளுள் பெரும்பாலோர் மேற்கொள்வது இம்மூன்றாவதே. இது சொல்வரிசையைப் பகுத்து, எண்ணை எண்ணாக்கி, கொடாதவற்றிற்கு இயல்நிலை மதிப்பை நிரப்பி, முடிவில் எல்லாவற்றையும் ஒரு பெயர்வெளியில் வைத்து நம் கையில் தருகின்றது.

2. பெயர்வெளியின் இயல்பு

பெயர்வெளியாவது, பெயர்கள் தத்தம் பொருளோடு பிணைந்து நிற்கும் ஓர் எல்லை. ஒரே ஊரில் ‘முருகன்’ என்னும் பெயருடையார் இருவர் இருப்பின், இன்ன தெருவிலுள்ள முருகன் என்று தெருவைச் சுட்டிக் கூறுகின்றோம். அத்தெருவே ஈண்டுப் பெயர்வெளி. பைத்தன் மொழியில் தொகுதி ஒவ்வொன்றும் ஒரு பெயர்வெளி. செயற்கூறு ஒவ்வொன்றும் இயங்கும்போது ஒரு பெயர்வெளி. பொருள் ஒவ்வொன்றும் தன் பண்புகளுக்கு ஒரு பெயர்வெளி. டிம் பீட்டர்ஸ் என்பவர் அம்மொழியின் நெறிகளைச் சுருக்கித் தொகுத்த சிறு பட்டியலும் பெயர்வெளியைப் பாராட்டியே முடிகின்றது.

ஆர்க்பார்ஸ் தரும் பெயர்வெளி மிக எளிய பொருள். பண்புகளை ஏந்தி நிற்பதன்றி அதற்கு வேறு தொழில் ஏறக்குறைய இல்லை. 2008-இல் வந்த 3.0 பதிப்பு முதலாகப் பைத்தன் நிரலில் தமிழ் எழுத்தாலும் பெயரிடலாம். ஆதலின், அப்பெயர்வெளிக்குக் ‘குறிப்பு’ என்று பெயரிட்டுக்கொண்டால், அதனுள் இருக்கும் கோப்பினை நாம்,

குறிப்பு.கோப்பு

என்று இடையே புள்ளியிட்டுப் பெறலாம். புள்ளியின் வலப்பக்கத்துள்ள பெயர் நிரலிலேயே எழுதப்பட்ட பெயர். நிரலை எழுதும்போதே நாம் அறிந்த பெயர். அப்பெயருடைய பண்பு ஆங்கு இல்லையாயின், பைத்தன் அவ்வரியிலேயே நின்று, இப்பொருளுக்கு இப்பண்பு இல்லை என்று பிழை கூறும். ‘குறைந்த-அளவு’ என இடைக்கோடு பெற்ற பெயரை ஆர்க்பார்ஸ் ‘குறைந்த_அளவு’ என அடிக்கோடு உடையதாக மாற்றி வைக்கும் என்பதும் ஈண்டு அறியத்தக்கது. இடைக்கோட்டைப் பைத்தன் கழித்தற் குறியாகக் கொள்ளுமாதலின், புள்ளிக்குப் பின் எழுதத்தக்க பெயராக்கும் பொருட்டே இம்மாற்றம் செய்யப்படுகின்றது. இச்சிறு மாற்றமே எம்மைப் பின்னர் இடறச் செய்தது.

3. அகராதியின் இயல்பு

அகராதியாவது, திறவுச்சொல் ஒன்றைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும் தொகுப்பு. வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியை இயற்றுதற்கு முன், தமிழ் மாணவர் சொற்பொருள் அறிதற்கு நிகண்டுகளையே பெரிதும் நம்பியிருந்தனர். நிகண்டில் ஒரு சொல்லைக் காண்டற்கு, அஃது எவ்வகையுள் அடங்கும் என்று முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். அகராதியிலோ, முன்பின் அறியாத சொல்லையும் கொண்டுசென்று ‘இஃது உளதோ, இலதோ’ என்று கேட்கலாம். பைத்தன் அகராதியின் சிறப்பும் இதுவே. எந்தச் சொல் வரும் என்று நிரலெழுதுவோர் முன்னறியாதபோதும் அது பயன்படும்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பைத்தன் அகராதி அகர வரிசையில் நிற்பதன்று. திறவுச்சொல்லினின்று ஓர் எண்ணைக் கணித்து, அவ்வெண்ணின் வழியே இடமறிந்து மதிப்பை எடுத்தலின், ஆயிரம் சொல் இருப்பினும் நூறாயிரம் இருப்பினும் தேடும் நேரம் பெரும்பாலும் ஒன்றே. 2018-இல் வந்த 3.7 பதிப்பு முதல், சேர்த்த வரிசையிலேயே சொற்கள் நிற்கும் என்பது மொழியின் உறுதிமொழியாயிற்று.

செயலுருபுகளை அகராதியில் வைத்தோமாயின்,

குறிப்பு["கோப்பு"]

என்று பகர அடைப்புள் மேற்கோளிட்டு எழுதுதல் வேண்டும். ஈண்டுக் ‘கோப்பு’ என்பது நிரலில் வழங்கும் பெயரன்று. அது வெறும் எழுத்துச் சரம், அஃதாவது தரவு. அத்திறவுச்சொல் இல்லையாயின், இதுவும் அவ்வரியிலேயே பிழை கூறும். ஆனால் அகராதிக்குக் ‘கெட்’ என்னும் மற்றொரு வழியும் உண்டு. அவ்வழியில் கேட்டால், சொல் இல்லாதவிடத்து நாம் குறித்த வேறொரு மதிப்பை அமைதியாகத் தந்துவிடும். மதிப்பு ஒன்றும் குறியாவிடின் ‘நன்’ என்னும் இன்மை மதிப்பைத் தரும். இது வேண்டியவிடத்துப் பெரிதும் உதவுவது. வேண்டாதவிடத்துப் பெருங்கேடு விளைப்பது.

4. இரண்டற்கும் உள்ள உறவு

பெயர்வெளியும் அகராதியும் பகையல்ல. ஆர்க்பார்ஸ் தரும் பெயர்வெளியின் உள்ளே இருப்பதும் ஓர் அகராதியே. ‘வார்ஸ்’ என்னும் செயற்கூற்றிடம் பெயர்வெளியைக் கொடுத்தால், அவ்வகராதியை அது நமக்குக் காட்டும். ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். அது தருவது படியன்று, மூலமே. அவ்வகராதியில் ஒன்றை மாற்றினால் பெயர்வெளியிலும் அது மாறிவிடும். வேறாக வைத்து ஆளவேண்டின், முதலில் படியெடுத்துக்கொள்ளுதல் முறை.

இங்ஙனம் ஒன்றினின்று மற்றொன்றிற்கு ஒரே சொல்லால் செல்லலாமாதலின், இவற்றுள் எதனைக் கொண்டாலும் ஒன்றே என்று எண்ணுதல் எளிது. யாமும் அவ்வாறே எண்ணினோம். அவ்வெண்ணத்தின் பயன் வருமாறு.

5. மறைந்த சொற்கள்

நிரலின் பிற பகுதிகளில் அகராதிகளே மிகுந்திருந்தமையின், ஒருமைப்பாடு நோக்கி, ஆர்க்பார்ஸ் தந்த பெயர்வெளியை யாம் வார்ஸ் கொண்டு அகராதியாக்கினோம். பின்னர்க் குறைந்த அளவை எடுக்குமிடத்தில், கட்டளை வரியில் தட்டச்சிடும் வடிவம் கைப்பழக்கத்தால் வந்து விழ, ‘குறைந்த-அளவு’ என்று இடைக்கோட்டோடு எழுதிவிட்டோம். அதுவும் கெட் என்னும் வழியால். இல்லாவிடில் 2 என்று கொள்க என்னும் குறிப்போடு. முதல் நாட்களில் சிறிய அடைவைப் பார்த்துச் சரிகாண வேண்டி இட்ட 2 அது, எடுக்க மறந்தோம்.

அகராதியில் இருந்த திறவுச்சொல்லோ அடிக்கோட்டோடு கூடியது. ஆகவே யாம் கட்டளை வரியில் 1 என்று கொடுத்தபோதும், நிரல் ஒவ்வொரு முறையும் 2 என்றே கொண்டது. பிழைச்செய்தி யாதும் இல்லை. அடைவு அழகாக அச்சாயிற்று. ஆனால் நூல் முழுவதும் ஒரே முறை வந்த சொல் ஒன்றேனும் அதில் இல்லை.

ஒரே முறை வரும் சொல் எத்தகைய அருமையுடையது என்பதைத் தமிழ் மாணவர்க்கு யாம் எடுத்துரைத்தல் வேண்டா. குறுந்தொகைப் புலவருள், இயற்பெயர் மறைந்து, தாம் பாடிய ஒரு தொடராலேயே பெயர் பெற்ற செம்புலப்பெயனீரார் போன்றாரும் உளர். பழஞ்சொல் ஒன்றன் பொருளை ஆராய்வோர் முதலில் தேடுவதும் இத்தகைய அரிய ஆட்சிகளையே. அவற்றையெல்லாம் விலக்கிவிட்டு, எல்லாரும் அறிந்த சொற்களை மட்டும் காட்டும் அடைவால் யாது பயன்?

எம்மினும் மூத்த மாணவி ஒருவர் அவ்வடைவை நம்பி, ஒரு சொல் அந்நூலில் வழங்கவில்லை என்று தம் ஆய்வுக் கட்டுரையில் எழுதிவிட்டார். கட்டுரையைப் படித்த எம் ஆசிரியர், பாட்டை மனப்பாடமாக அறிந்தவராதலின், “இச்சொல் பாட்டில் இருக்கின்றதே, அம்மா” என்று கூறினார். அவ்வக்கா தம் கட்டுரையில் மூன்று பக்கங்களைக் கிழித்தெறிந்து மீண்டும் எழுத நேர்ந்தது. யாம் முதலில் நூற்கோப்பை ஐயுற்றோம். பின்னர்ச் சொற்பிரிப்பை ஐயுற்றோம். இரண்டு வார மாலைப் பொழுதுகள் கழிந்தபின்னரே ஓர் இடைக்கோட்டில் வந்து நின்றோம். எல்லாம் கேட்டபின் ஆசிரியர் எம்மைக் கடிந்திலர். “நீங்கள் பிழையாக எழுதினீர்கள், சரி. அந்நிரல் ஏன் உங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை?” என்று மட்டும் கேட்டார்.

அவ்வினாவிற்கு விடை தேடியபோதுதான் பெயர்வெளியின் பயன் எமக்குப் புலனாயிற்று. அகராதியாக்காமல், புள்ளிக்குப் பின் அதே பிழையை எழுதியிருந்தோமாயின், பைத்தன் அதனைக் ‘குறிப்பு.குறைந்த’ என்பதினின்று ‘அளவு’ என்பதைக் கழித்தலாகக் கொண்டு, ‘குறைந்த’ என்னும் பண்பு இல்லை என்று முதல் ஓட்டத்திலேயே கூவியிருக்கும். இரண்டு வாரம் இரண்டு நொடியாய் முடிந்திருக்கும்.

எனினும் குற்றம் முழுவதையும் அகராதியின்மேல் ஏற்றுதல் நடுவுநிலைமையன்று. பகர அடைப்பால் கேட்டிருந்தால் அகராதியும் பிழை கூறியிருக்கும். பெயர்வெளியிலும் ‘கெட்ஆட்டர்’ என்னும் செயற்கூற்றை இயல்நிலை மதிப்போடு ஆண்டால் இதே மறைப்பு நேரும். மேலும், இல்லாத பண்பிற்கு ஒரு மதிப்பை இடப் புகின், பெயர்வெளியும் தடை கூறாது புதிய பண்பொன்றைப் படைத்துக்கொள்ளும். ஆகவே எம் பிழை இரண்டு. கட்டாயம் இருக்க வேண்டிய பெயரை, இருந்தாலும் இராவிட்டாலும் ஒன்றே என்பதுபோலக் கேட்டது ஒன்று. ஒரே செயலுருபிற்கு இயல்நிலை மதிப்பை ஆர்க்பார்ஸில் 1 என்றும் வேறோரிடத்தில் 2 என்றும் இரண்டு இடத்தில் எழுதியது மற்றொன்று. புள்ளியிட்டு எழுதும் வழக்கம் இவ்விரண்டு பிழைக்கும் எளிதில் இடங்கொடாது என்பதே அதன் சிறப்பு.

6. அகராதிக்கு உரிய இடங்கள்

இனி அகராதியின் பக்கம் நின்று நோக்குவோம். முதலாவதாக, எம் நிரலின் பயனாகிய சொல்லடைவே ஓர் அகராதி. ஒவ்வொரு சொல்லும் திறவுச்சொல். அது வரும் இடங்களின் பட்டியல் அதன் மதிப்பு. என்னென்ன சொற்கள் வரும் என்று நூலைப் படிக்குமுன் நிரல் அறியாது. இவற்றைப் பெயர்வெளியின் பண்புகளாக்கப் புகுதல் நகைப்பிற்கிடமாகும். ஒரே நிரலில் செயலுருபுகள் பெயர்வெளியிலும், அடைவு அகராதியிலும் இருத்தலே இயல்பு. ஒருமைப்பாடு வேண்டி இரண்டையும் ஒன்றாக்கியதே எம் பேதைமை.

இரண்டாவதாக, செயலுருபுகள் பல இடத்தினின்றும் வந்து கூடுங்கால் அகராதி வேண்டும். அமைப்புக் கோப்பு ஒன்றில் சில மதிப்புகள் இருக்கின்றன. கட்டளை வரியில் கொடுத்தவை அவற்றை வெல்லுதல் வேண்டும். இரண்டு அகராதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக இணைத்தால் இது முடியும். 2020-இல் வந்த 3.9 பதிப்பில் இதற்கென ஒரு குறியீடே உண்டாயிற்று. ஆனால் ஈண்டும் ஒரு கண்ணி உண்டு. கட்டளை வரியில் கொடாத செயலுருபுக்கு, நாம் வேறு மதிப்பு குறியாவிடின், ஆர்க்பார்ஸ் ‘நன்’ என்னும் இன்மை மதிப்பை இட்டு வைக்கும். அவ்வின்மை, அமைப்புக் கோப்பில் நாம் கருதி எழுதிய மதிப்பின்மேல் ஏறி அமர்ந்து அதனை அழித்துவிடும். இதனைத் தடுக்க, இன்மை மதிப்புடையவற்றை முதலில் களைந்துவிடலாம். அன்றி, கொடாத பெயரைச் சேர்க்கவே வேண்டா என்று ஆர்க்பார்ஸுக்குச் ‘சப்ரஸ்’ என்னும் குறிப்பால் ஆணையிடலாம். அவ்வாறு ஆணையிட்டபின், பெயர் இருத்தலும் இல்லாமையும் ஆகிய இரண்டுமே பொருளுடையன ஆகின்றன. ஈண்டுக் கெட் என்னும் வழியும் குற்றமற்றதாகின்றது.

மூன்றாவதாக, பெயர் பைத்தன் மொழியின் ஒதுக்கப்பட்ட சொல்லாக இருப்பின், புள்ளிக்குப் பின் அதனை எழுதுதல் இயலாது. ‘ஃப்ரம்’, ‘கிளாஸ்’, ‘இம்போர்ட்’ என்னும் ஆங்கிலச் சொற்களைச் செயலுருபாக்கினோர் இதனை நன்கறிவர். அகராதியில் மேற்கோளுக்குள் எச்சொல்லும் இருக்கலாம். எனினும் இத்துணைச் சிறிய காரணம் பற்றிப் பெயர்வெளியைக் கைவிட வேண்டா; ‘டெஸ்ட்’ என்னும் குறிப்பால் உள்ளே வழங்கும் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

நான்காவதாக, செயலுருபுகளையெல்லாம் ஒருங்கே ஒரு செயற்கூற்றிற்கு அளிக்க வேண்டின், அகராதியின் முன் இரண்டு உடுக்குறி இட்டு அளிக்கலாம். அச்செயற்கூறு அறியாத பெயர் ஒன்று இருப்பினும் பைத்தன் பிழை கூறும். இதுவும் ஒரு காவலே.

7. ஒகரத்தால் வரும் இடர்

தமிழில் பெயரிடுவோர்க்கு மட்டும் உரியதாகிய நுட்பம் ஒன்றையும் ஈண்டுக் கூறுதல் வேண்டும். ‘தொ’ என்னும் உயிர்மெய்யைக் கணிப்பொறியில் இரு வகையாகச் சேமிக்கலாம். தகரத்தை அடுத்து ஒகரக் குறியை ஒரே குறியாக வைத்தல் ஒருவகை. ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறியாகப் பிரித்து வைத்தல் மற்றொரு வகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. யூனிகோடு இலக்கணமும் இவற்றை நிகரென்றே கூறும். ஆயினும் கணிப்பொறியின் ஒப்பீட்டில் இவை வெவ்வேறு சரங்கள்.

நிரலில் எழுதிய பெயர்களைப் பைத்தன் தானே ஒருமுகப்படுத்தி, பிரிந்த வடிவையும் சேர்ந்த வடிவாக்கிக் கொள்ளும். மேற்கோளுக்குள் இருக்கும் சரங்களையோ அது தொடாது. ஆதலின், ‘குறிப்பு.தொகை’ என்று புள்ளியிட்டு எழுதினால், எழுதினவர் எவ்வகையாகத் தட்டச்சிட்டாலும் பெயர் ஒன்றே. அகராதியில் ‘தொகை’ என்னும் திறவுச்சொல்லை ஒருவர் ஒருவகையாகவும், மற்றொருவர் வேறுவகையாகவும் தட்டச்சிட்டால், அவை இரண்டு திறவுச்சொற்களாய் நிற்கும். பெயர்வெளிக்கும் இதில் ஓர் இடர் உண்டு. ‘--தொகை’ என்று ஆர்க்பார்ஸிடம் நாம் பதிவு செய்யும் பெயர் மேற்கோளுக்குள் இருப்பது. அது பிரிந்த வடிவில் இருந்தால், பண்பின் பெயரும் அவ்வாறே அமையும். புள்ளிக்குப் பின் எழுதியதோ சேர்ந்த வடிவாகும். அப்பொழுது ‘தொகை’ கண்முன் இருக்க, ‘தொகை இல்லை’ என்று பைத்தன் கூறும். ஆயினும், பேசாது விடாமல் கூறுகின்றதே, அதுவே நன்மை.

சொல்லடைவிலும் இவ்விடர் நேரும். நூற்கோப்பைப் பலர் தட்டச்சிட்டிருப்பின், ஒரே சொல் இரண்டு வடிவில் புகுந்து, இருமுறை வந்த சொல் ஒருமுறை வந்த இரண்டு சொற்களாய்த் தோன்றும். இதற்கு மருந்து எளிது. ‘யூனிகோடுடேட்டா’ என்னும் தொகுதியிலுள்ள ‘நார்மலைஸ்’ என்னும் செயற்கூற்றால், வெளியினின்று வரும் சரங்களையெல்லாம் வாயிலிலேயே ஒரு வடிவாக்கிக்கொள்ளுதல் வேண்டும்.

8. மூன்றாவது வழி

பெயர்வெளியிலும் நிறைவு இல்லை என்று மேலே கண்டோம். புதிய பண்பைத் தடையின்றி ஏற்றல் ஒன்று. எப்பெயர் உளது, அதன் வகை யாது என்பதை நிரலை ஓட்டுமுன் சோதிக்கும் கருவிகள் ஆர்க்பார்ஸ் பெயர்வெளியைக் கண்டு அறிய மாட்டாமை மற்றொன்று. இக்குறைகளை நீக்க விரும்புவோர், 3.7 பதிப்பில் சேர்ந்த ‘டேட்டாகிளாஸ்’ என்னும் அமைப்பால் பெயர்களையும் வகைகளையும் ஓரிடத்தில் எழுதி வைத்து, ஆர்க்பார்ஸ் தந்தவற்றை உடனே அதனுள் மாற்றிக்கொள்ளலாம். 2021-இல் வந்த 3.10 பதிப்பு முதல், ‘ஸ்லாட்ஸ்’ என்னும் குறிப்பை அதற்கு இட்டால், எழுதாத பெயருக்கு மதிப்பிடப் புகுவோரையும் அது தடுக்கும். அகராதியே வேண்டும் என்பார்க்கு, 2019-இல் வந்த 3.8 பதிப்பின் ‘டைப்டுடிக்ட்’ என்னும் அமைப்பு, இன்ன திறவுச்சொற்களே உரியன என்று சோதனைக் கருவிகட்கு அறிவிக்க உதவும். மூன்று செயலுருபுள்ள சிறு நிரலுக்கு இவை மிகை. முப்பது உள்ளதற்கு இன்றியமையாதன.

அகராதிக்கே புள்ளியிடும் ஆற்றலைக் கொடுத்து இரண்டையும் ஒன்றாக்குவாரும் உளர். அவர்தம் கலவையில் ‘ஐட்டம்ஸ்’, ‘கீஸ்’ எனச் செயலுருபுகட்குப் பெயர் வருமாயின், அகராதியின் சொந்தச் செயற்கூறுகளின் பெயரோடு அவை மோதும். எளிமை வேண்டுவோர் இதனை மேற்கொள்ளாமை நன்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு: நிரலெழுதும்போதே நாம் அறிந்தனவும், கட்டாயம் இருக்க வேண்டுவனவுமாகிய பெயர்கள் பெயர்வெளிக்கு உரியன. வெளியினின்று தரவாக வருவனவும், இருத்தலும் இல்லாமையும் ஒருங்கே பொருள்படுவனவுமாகியவை அகராதிக்கு உரியன. இயல்நிலை மதிப்பை ஓரிடத்தில் மட்டுமே எழுதுக. எவ்விடத்தில் வைத்தாலும், இல்லாத பெயரைக் கேட்டபோது நிரல் வாய்திறக்குமாறு எழுதுக.

எம் அடைவை இப்பொழுது திருத்தி எழுதியுள்ளோம். மூன்று செயலுருபுகளும் புள்ளியிட்டு நிற்கின்றன. அந்தப் பழைய 2 நீங்கிற்று. ஒரே முறை வந்த சொற்களெல்லாம் தத்தம் இடத்திற்கு மீண்டன. அவ்வக்காவின் கட்டுரையை மாற்றிய சொல்லும் அவற்றுள் ஒன்றாய் நிற்கின்றது. திருத்திய அடைவின் முதற்படியை யாம் அவரிடமே கொடுத்தோம். அவர் வாங்கியவுடன் முதலில் தேடியது அச்சொல்லையே. அடுத்து வரும் மாணவர் பிற தொகை நூல்கட்கும் இவ்வாறு அடைவு காண முற்படுவாராயின், எம் இடைக்கோடு அவர்க்கு ஓர் எச்சரிக்கையாகுக.